ஸ்டார்ட்டரில் ஒரு கட்டை

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. 6.40க்கு இட்லி மூன்று, தக்காளிச் சட்னி. 7.25க்குச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி ஏறினேன்; ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 8.15க்கு மையத்தின் வாசலில் இறங்கினேன். கணினி அறை 21 டிகிரி. மதியம் தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய். மாலை 5.30க்குப் பதிவேட்டை மூடிக் கையெழுத்திட்டேன்.

என் டைரியில் அந்த நாளுக்கு இதற்கு மேல் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், மையத்தில் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய இரண்டு மகள்களும் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது படலாம். நாங்கள் எல்லோரும் அவரைக் கம்மாபுரத்தார் என்றுதான் கூப்பிட்டோம். ஊர் அது. கறுத்த, குள்ளமான மனிதர். ஐம்பத்திரண்டு வயது, என்னைவிட ஒரு வயது மூத்தவர். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பொருள்கள்: கைப்பிடி வரை இரும்பான ஒரு நீளத் திருப்புளி, ஒரு சுருள் கறுப்பு டேப், பெருவிரல் அளவில் செதுக்கிய ஒரு கட்டை. கட்டை எதற்கு என்று முதல் மாதம் நான் கேட்கவில்லை. பல் குத்தப் பெரிதாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன்.

மையம் என்று நான் சொல்வது, கடலூரிலும் சிதம்பரத்திலுமாக நான்கு கல்லூரிகள் சேர்ந்து அமைத்த சூப்பர் கம்ப்யூட்டர் மையம். விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நாள்கணக்கில் போட வேண்டிய கணக்குகள் இருக்கும். தனித்தனியாக வாங்க எந்தக் கல்லூரிக்கும் வசதி இல்லை. சேர்ந்து வாங்கலாம் என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போதுமானதாக இருந்தது. எங்கே வைப்பது என்று முடிவு செய்ய இரண்டு வருடம் ஆனது. நால்வரும் தங்கள் வளாகத்தில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் யாருக்கும் பெருமை சேராத இடமாகப் பார்த்து, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் சாலையோரம் மூடிக் கிடந்த ஒரு நெல் கிடங்கை எடுத்தார்கள். இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவில். கடலுக்குக் கொஞ்சம் கிட்டத்தில். புதிதாகப் போட்ட கதவுக் கீல் ஆறே மாதத்தில் துருப்பிடிக்கும் அளவு கிட்டத்தில்.

ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாததால், எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒருவர் வேண்டும் என்று என்னை ஒரு கல்லூரியின் அலுவலகத்திலிருந்து இங்கே அனுப்பினார்கள். அறையின் சூடு, மின்சாரம், பம்பு, எந்தக் கல்லூரியின் கணக்கு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மணிக்கு ஒரு முறை பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எழுதாதது நடக்கவில்லை என்று பொருள். இயக்குநர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் சிரித்ததில்லை.

அந்த இயந்திரம் கணக்குப் போடும்போது அடுப்பாகக் காயும். அதன் முதுகுப் பக்கம் குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீரைத் தள்ளும் பம்பு பின்பக்கத் தனி அறையில் இருந்தது. அந்த அறை அவருடையது.

இங்கே வருவதற்கு முன் அவர் பதினோரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்த ஆளாகப் பம்பு ஓட்டியவர். சுரங்கத்தில் மேலேயிருந்து வரும் நீரைவிடக் கீழேயிருந்து முட்டும் நீர் பெரிது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பம்பு ராத்திரி பகல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் தரையே பொங்கும்.

"மேலேர்ந்து மழ பேஞ்சா கொட புடிக்கலாம் சார். கீழேர்ந்து வர்ற தண்ணிக்கு என்னாத்த புடிப்ப?" என்றார் ஒருநாள். "எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். ஓடறத நிறுத்தாத. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அவரிடம் இருந்தது இந்த ஒரு குணம்தான். நிற்பதை அவரால் பார்க்க முடியாது.

அலுவலகத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை 11.20க்கு நின்றுபோனது. அவர் அதைக் கழற்றிப் புவனகிரியில் தான் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுபோனார். திங்கட்கிழமை ஓடிக்கொண்டே திரும்பி வந்தது. ஆனால் தினம் ஓடி ஓடி, ஒரு மாதத்தில் ஏழு நிமிடம் முந்தியிருந்தது.

"ஏழு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுதே" என்றேன்.

"நிக்கலைல்ல?"

"தப்பா ஓடறதுக்கு நிக்கறதே மேல். நின்ன கடிகாரத்த யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எழுதறவுங்களுக்கு அப்புடித்தான் சார் தோணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தே பதிவேட்டை எழுதினேன்.

அவருடைய மொபெட் அவரைப் போலவே. சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடை. அங்கே அவர் டீ குடித்து முடிக்கும் வரை வண்டி கடை முன்னால் ஓடிக்கொண்டே நிற்கும். அணைத்தால் திரும்பக் கிளம்பத் தகராறு செய்யுமாம். டீ மாஸ்டர் அவரை மாமா என்றுதான் அழைப்பார்.

"யோவ் மாமா, பெட்ரோல் பங்க்குல பொண்ணு எடுத்தியா? கடையில புகை போட்டே கொசுவ வெரட்டற நீ."

"கொசு போனா எனக்கு டீ சும்மா குடு மச்சான்."

"சும்மா குடுக்கறன், வண்டிய ஆஃப் பண்ணு."

"அப்ப காசே குடுத்துடறன்."

கடை முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

முதல் மூன்று மாதம் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது. மின்சாரம் போனால் நான்கு நிமிடத்துக்குள் எல்லாம் திரும்ப ஓடும். காலை 8.30க்குப் பம்பு அறைக்குப் போவார். திருப்புளியின் முனையைப் பம்பின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கண்ணை மூடிக் கேட்பார். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல. கேட்டு முடித்ததும் "நல்லா இருக்கா" என்பார். பம்பு அவருக்குப் பெண். நான் பதிவேட்டில் 'சரி' என்று எழுதுவேன்.

செப்டம்பரில்தான் எனக்கு முதல் சங்கடம் வந்தது. கணினி அறையில் 32 டிகிரி ஆனால் அலற வேண்டிய எச்சரிக்கை மணி ஒன்று நடைவழியில் இருந்தது. ஒரு மதியம் அறை 33 டிகிரி காட்டியது; மணி அலறவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். மணியின் வாயில் கறுப்பு டேப் நான்கு சுற்று. உள்ளே நாக்கு அசையாதபடி கட்டையும் செருகியிருந்தது.

"அது பயந்தாங்கொள்ளி சார்" என்றார். "கொஞ்சம் சூடானாலே ஊரக் கூட்டுது. அது கத்துனா எஞ்சினியர் பையன் ஓடியாந்து மிசின நிறுத்தறான். இப்ப பாரு, நான் வால்வ தெறந்துவுட்டன், எறங்கிருச்சி."

உண்மைதான். 31க்கு இறங்கியிருந்தது.

"இத நான் எழுதணும்."

"எழுதுங்க. எறங்கிருச்சின்னும் சேத்து எழுதுங்க."

33 என்று எழுதினேன், 31 என்று எழுதினேன். டேப்பை எழுதவில்லை. மறுநாள் பிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பிரிக்கவில்லை. நான் மீண்டும் ஸ்டூலில் ஏறிப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு என் கண்ணுக்கு அவருடைய கட்டைகள் ஒவ்வொன்றாகத் தென்பட ஆரம்பித்தன. தானாக மூட வேண்டிய தீத்தடுப்புக் கதவின் அடியில் ஒன்று. அதிகம் சூடானால் தானே அணைய வேண்டிய காற்றாடியின் விசையில் ஒன்று. எல்லாம் ஒரே கைச் செதுக்கல், பூவரசு மரம். அந்தக் கட்டடத்தில் தானாக நிற்கக்கூடிய ஒவ்வொன்றையும் அவர் நிற்க முடியாமல் செய்து வைத்திருந்தார். பேருந்தில் வீடு திரும்பும்போது ஒருநாள் இதை விரல் விட்டு எண்ணினேன். எண்ணி முடித்ததும் ஜன்னலை மூடிக்கொண்டேன். வெளியே மழை ஒன்றும் இல்லை.

நவம்பரில் ஏற்புச் சோதனை வந்தது. இயந்திரம் முழு பாரத்தில் எழுபத்திரண்டு மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கி, புதன் மதியம் பன்னிரண்டுக்கு நான்கு கல்லூரிகளின் குழுவும் முன்னால் நின்று பார்த்திருக்க, ஓட்டம் முடிய வேண்டும். நடுவில் ஒருமுறை நின்றாலும் தோல்வி. இரண்டு கல்லூரிகள் ஏற்கெனவே பங்கை விலக்கிக்கொள்ளலாமா என்று முனகிக்கொண்டிருந்தன. சோதனை தேறினால் கம்மாபுரத்தாரின் வேலையை நிரந்தரமாக்குவதாக இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு ஒருவர் அப்படிச் சொன்னார். அன்று அவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வண்டியை மட்டும் அன்றும் அணைக்கவில்லை.

சோதனைக்குப் போட்ட கணக்கு நஸீமாவுடையது. நான்கில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், கிள்ளையில் பிறந்தவர். புயல் வந்தால் கடல்நீர் உப்பனாற்றின் வழியே உள்ளே ஏறி எந்தெந்தத் தெரு வரைக்கும் வரும் என்பதுதான் அவருடைய கணக்கு. பெரிய கணக்கு என்பதால் அதையே ஓட விட்டார்கள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

மதியம் 2.40க்குப் பம்பு அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் ஒரு வாடை. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் கொஞ்ச நேரம் மறந்து வைத்தால் வரும் வாடை. தரையில் கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். பம்பின் அச்சு ஓரம் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே, மோட்டாருக்கு மின்சாரம் விடும் விசை மேலே எழும்ப முடியாதபடி, பூவரசுக் கட்டை அழுத்திக்கொண்டிருந்தது. வயலில் மோட்டார் போடுகிறவர்கள் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போய் வந்தால் தானே ஓடட்டும் என்று குச்சி செருகுவார்கள்.

அவர் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது?"

"எது சார்?"

"கட்டை."

"காலையிலேர்ந்து ரிலே வுழுந்துகினே இருக்கு சார். இருவது நிமிசத்துக்கு ஒருதரம். எத்தினி தரம் ஓடியாந்து பச்ச பட்டன அமுக்கறது?"

"ஏன் விழுது?"

"பேரிங் போச்சி. சுத்த முடியாம சுத்துறா. கரண்ட்டு ஜாஸ்தி இழுக்கறா."

"அப்ப நிறுத்தறதுக்குத்தானே அந்த ரிலேவ வச்சிருக்காங்க?"

"அத நிறுத்தறதுக்கு வச்சிருக்காங்க." அவர் சிரித்தார். "என்னைய ஓட்டறதுக்கு வச்சிருக்காங்க."

"மாத்துக்கு வச்சிருக்கற ரெண்டாவது பம்பு?"

"அதோட சீலு கடலூர் பட்டறையில கெடக்கு. நாளைக்கிச் சாயந்திரம் தரங்கறான்."

அந்த நேரத்தில் நஸீமா உள்ளே வந்தார். வாடை நடைவழி வரை வருகிறது என்று பார்க்க வந்திருக்கிறார். கட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அண்ணே, நிறுத்திடுங்க."

"என்னாம்மா நீ, உன் கணக்குதான் ஓடுது. நிறுத்துன்னு நீயே சொல்ற."

"அது நின்னா ஒண்ணும் ஆவாதுண்ணே. மணிக்கு ஒருதரம் எது வரைக்கும் வந்திருக்குன்னு எழுதி வச்சிக்கும். நிறுத்திட்டு நாலு நாள் கழிச்சிப் போட்டாலும் வுட்ட எடத்துலேர்ந்து தொடரும்."

கம்மாபுரத்தார் எழுந்து நின்றார். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்பதுபோல நஸீமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நின்னதுக்கு அப்புறமா?"

"ஆமாண்ணே."

"வுட்ட எடத்துலேர்ந்து?"

"ஆமா."

"அப்புடி ஒண்ண நான் பாத்ததில்லம்மா" என்றார். கேலி இல்லை அந்தக் குரலில். "நான் பாத்ததெல்லாம், நின்னா போனதுதான்."

நஸீமா என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இயக்குநர்கிட்ட சொல்லுங்க. சோதனைய அடுத்த மாசம் வச்சிக்கலாம்."

இயக்குநர் அன்று குழுவினரை அழைத்து வர ஏற்பாடு செய்யக் கடலூர் போயிருந்தார். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லுகிறேன் என்றுதான் நஸீமாவிடம் சொன்னேன். அவருக்கு மூன்றரை மணிக்கு வகுப்பு. என்னை நம்பிப் போனார்.

அவர் போனதும் கம்மாபுரத்தார் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கி மதியானம் வரைக்கும் எழுதாதீங்க சார். பன்னண்டு அடிச்சதும் நானே கட்டைய உருவி உங்க கையில குடுத்துடறன்."

"பன்னண்டு எந்தக் கடிகாரத்துல?"

"என் கடியாரத்துலயே வச்சிக்கலாம். ஏழு நிமிசம் லாபம்."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். தப்பாக எடுத்துக்கொண்டார் என்று என்னால் சொல்ல முடியாது. தரைத் தண்ணீரில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, திருப்புளியைப் பம்பில் வைத்துக் காது கொடுத்தார். இந்தத் தடவை வெகு நேரம் கேட்டார். 'நல்லா இருக்கா' என்று சொல்லவில்லை.

இயக்குநருக்கு நான் பேசவில்லை. பேசினால் சோதனை நின்றுவிடும். இரண்டு கல்லூரிகள் போய்விடும். அவர் கம்மாபுரம் திரும்பிவிடுவார். இன்னும் இருபத்தோரு மணி நேரம்தானே என்று கணக்குப் போட்டேன். 5.30க்குப் பதிவேட்டில் எழுதினேன்: 'குளிர்நீர்ப் பம்பு ஓடுகிறது. குறை இல்லை.' கையெழுத்திட்டேன். வீட்டுக்கு வந்து டைரியில் அந்த ஒரு வரியை எழுதினேன்: 'பம்பு ஸ்டார்ட்டரில் கட்டை. நாளை மதியம் வரை சொல்லவில்லை.'

மற்றவை பிறர் எழுதிய தாள்களிலிருந்து எனக்குத் தெரியும். சத்தம் மாறினால் கூப்பிடும்படி மையத்தின் இரவுக் காவலரிடம் சொல்லிவிட்டுக் கம்மாபுரத்தார் தன் அறைக்குப் போயிருக்கிறார். புதன் காலை ஆறேகாலுக்குக் காவலர் கூப்பிட்டுச் சத்தம் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். காவலர் ஆறரைக்குப் பணி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். கம்மாபுரத்தார் ஏழு மணிக்கு வந்திருக்கிறார். அதற்குள் மோட்டாரின் கம்பிச் சுற்று கருகி, பம்பின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறியிருந்தது. அதை மண்ணுக்குள் இறக்க வேண்டிய கம்பி உப்புக்காற்றில் அரித்து அறுந்திருந்தது என்று மின் ஆய்வாளர் எழுதினார். மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ரிலே வேலை செய்ததா என்ற கேள்விக்கு நேராக, 'கட்டையால் தடுக்கப்பட்டிருந்தது' என்று எழுதினார். ஈரத் தரையில் கிடந்த உடலின் கையிலேயே திருப்புளி இருந்தது. வலது காதோரம் காயம்.

நீர் நின்றதும் கணினி அறை 32ஐத் தாண்டியது. மணி அலறவில்லை. 7.31க்கு இயந்திரம் சூடு பொறுக்காமல் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. இயந்திரத்துக்குள்ளேயே அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் தெரியாது. அவருடைய கட்டை எட்டாத இடம் அது ஒன்றுதான். ஒரு பாகமும் கெடவில்லை. நஸீமாவின் கணக்கு ஏழு மணி வரை எழுதி வைத்திருந்தது. ஜனவரியில் திரும்பப் போட்டபோது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சோதனை தேறியது. நான்கு கல்லூரிகளும் இருக்கின்றன. நஸீமா என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். இயக்குநருக்கு ஏன் பேசவில்லை என்று இன்று வரை கேட்கவில்லை.

விசாரணையில் என் பதிவேட்டைப் பார்த்தார்கள். முந்தைய நாள் மாலை வரை குறை இல்லை என்று இருந்தது. அதை நம்பினார்கள். டைரியை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நவம்பர் 20, புதன்கிழமை. 8.15க்கு இறங்கினேன். தூறல். பம்பு அறைப் பக்கத்து வாசலில் அவருடைய மொபெட் ஸ்டாண்டில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார்: "வந்து ஒரு மணி நேரம் மேல ஆவுது சார்! தோ வந்துட்டன் மச்சான்னு உள்ள போனாரு. போட்டு வச்ச டீ ஆறிப்போச்சி. வண்டிய மொதல்ல ஆஃப் பண்ண சொல்லுங்க!"

அன்று நான் முதலில் செய்தது அதுதான். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். அது நின்ற பிறகுதான், உள்ளேயிருந்து வேறு எந்தச் சத்தமும் வரவில்லை என்பது தெரிந்தது.